தீராத காய்ச்சல், இடது விலாவில் வலி: மண்ணீரலில் சீழ்க்கட்டி ஏன் வருது? ஏலக்காய் மலைக்கு வேலைக்குப் போறவங்க என்ன கவனிக்கணும்?

காய்ச்சல் வந்தது. மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டதும் விட்டது. மூணு நாள் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை ஊசி போட்டதும் விட்டது. பத்து நாளில் மறுபடியும் வந்துவிட்டது. கூடவே இடது விலாவுக்குக் கீழே ஒரு பிடிப்பு. "வாயுப் பிடிப்பா இருக்கும், சுளுக்கு எடுத்தா சரியாப் போகும்" என்று வீட்டில் சொல்கிறார்கள்.

போடிநாயக்கனூர், தேவாரம், கம்பம் பக்கம் இப்படி ஒரு காய்ச்சல் கதையைக் கேட்டால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விடியும் முன்பே ஜீப் ஏறி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் இறங்கி, சாயங்காலம் திரும்பி வரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு மழையும் காய்ச்சலும் வேலையோடு சேர்ந்த விஷயங்கள். பத்தில் ஒன்பது முறைக்கு மேல் அது சாதாரணக் காய்ச்சலாகத்தான் இருக்கும். மீதி இருக்கிற சில காய்ச்சல்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: மண்ணீரலில் சீழ் கட்டுவது.

இது அரிதான நோய். பல நாடுகளில் நடந்த பிரேதப் பரிசோதனை ஆய்வுகளில் ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஏழு பேர் வரைதான் இது காணப்பட்டது. அரிது என்பதாலேயே யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. அங்கேதான் ஆபத்து. கண்டுபிடித்துவிட்டால் நல்ல சிகிச்சை இருக்கிறது. கண்டுபிடிக்காமல் விட்டால் சீழ் உடைந்து வயிற்றுக்குள் பரவி, உயிருக்கே ஆபத்தாக முடியும்.

மண்ணீரல் எங்கே இருக்கு? என்ன வேலை செய்யுது?

வயிற்றின் இடது மேல் மூலையில், இரைப்பைக்குப் பின்பக்கம், 9-வது முதல் 11-வது விலா எலும்பு வரை உள்ள கூட்டுக்குள் ஒளிந்திருக்கும் உறுப்பு இது. மூடிய கை அளவுதான். பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம் எடை. நல்லா இருக்கிற மண்ணீரலை வெளியிலிருந்து தொட்டுப் பார்த்தால் தட்டுப்படாது.

ரத்தத்துக்கு அது ஒரு வடிகட்டி. சுமார் 120 நாள் ஓடித் தேய்ந்துபோன சிவப்பணுக்களைப் பிடித்து உடைத்து, அதிலிருக்கும் இரும்புச் சத்தை உடம்புக்குத் திருப்பிக் கொடுக்கும். ரத்தத்தில் மிதந்து வரும் கிருமிகளையும் பிடித்து அழிக்கும். முக்கியமாக நிமோனியா, மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் சில பாக்டீரியாக்களை அடக்குவதில் மண்ணீரலுக்கு நிகரான உறுப்பு கிடையாது.

மலேரியா வந்தவர்களுக்கு மண்ணீரல் வீங்கும் என்பது மலையோர ஊர்களில் பழைய சங்கதி. ஒரு ஊரில் மலேரியா எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்க, அந்தக் காலத்தில் பிள்ளைகளின் வயிற்றைத் தடவி, எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணுவார்கள். ஆனால் வீக்கம் வேறு, சீழ்க்கட்டி வேறு. மலேரியாவில் மண்ணீரல் பெரிதாகும். சீழ்க்கட்டியில் மண்ணீரலின் ஒரு பகுதி அழுகி, அந்தக் குழிக்குள் சீழ் தேங்கும்.

கிருமியை அழிக்கிற உறுப்பிலேயே சீழ் கட்டுமா?

நியாயமான கேள்விதான். மண்ணீரலுக்குக் கிருமியை எதிர்க்கும் பலம் அதிகம். அதனால்தான் கல்லீரலில் சீழ்க்கட்டி வருகிற அளவுக்கு மண்ணீரலில் வருவதில்லை. வருகிறது என்றால், அநேகமாக மூன்றில் ஒன்று நடந்திருக்கும்: ரத்தத்தில் கிருமி அளவுக்கு மீறி ஓடியிருக்கும், மண்ணீரலில் ஏற்கெனவே ஒரு பகுதி அடிபட்டோ ரத்த ஓட்டம் இல்லாமலோ செத்துப் போயிருக்கும், அல்லது உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கும். சிலருக்கு இவற்றில் இரண்டு ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும்.

உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் முதலில் சொல்லப்படும் காரணம் இதய வால்வில் வரும் கிருமித் தொற்று. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டுப் போனவர்களுக்கு, அந்த வால்வில் கிருமி குடியேறும். அங்கிருந்து துணுக்குகள் உடைந்து ரத்தத்தோடு போய் மண்ணீரலின் சின்ன ரத்தக் குழாய்களை அடைக்கும். அடைபட்ட இடம் செத்து, அதிலேயே சீழ் கட்டும். அதனால் மண்ணீரலில் சீழ் என்று தெரிந்தால் டாக்டர் நெஞ்சுக்கு எக்கோ எழுதிக் கொடுப்பார். "வயித்து வலிக்கு வந்தா நெஞ்சுக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்றாங்களே" என்று சந்தேகப்பட வேண்டாம். அது அவசியமான பரிசோதனை.

நம்ம ஊர்களில் டைபாய்டையும் மறக்கக் கூடாது. டைபாய்டு கிருமி மண்ணீரலில் தங்கி வளரும் குணம் கொண்டது. டைபாய்டு வந்தவர்களில் மிகச் சிலருக்கே அது சீழ்க்கட்டியாக மாறும் என்றாலும், டைபாய்டு அதிகம் உள்ள நாட்டில் அந்த 'மிகச் சிலரும்' கண்ணில் படுவார்கள். தோட்டத்தில் ஓடைத் தண்ணீரை அப்படியே குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அடிபடுவது இன்னொரு வழி. மரத்தில் கொடி ஏறிய மிளகைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் நிற்பவர்கள், ஏலச் செடிக்கு மேலே நிழல் மரத்தின் கிளை கழிக்க ஏறுபவர்கள், மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து அடிபட்டவர்கள் எல்லாருக்கும் இடது விலாவில் பலமாக அடிபட்டால் மண்ணீரல் கிழியக்கூடும். சின்னக் கிழிசல் என்றால் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும். ஆனால் உள்ளே கட்டிய ரத்தத்தில் கிருமி சேர்ந்தால் சில வாரம் கழித்துச் சீழாகும். கீழே விழுந்து ஒரு மாதம் ஆனவருக்குக் காய்ச்சல் வந்தால், "ஒரு மாசத்துக்கு முன்னாடி ஏணியிலிருந்து விழுந்தேன்" என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். பலர் சொல்வதில்லை. கேட்டால்தான் ஞாபகம் வரும்.

அரிவாள் செல் ரத்தசோகை உள்ளவர்களுக்கு மண்ணீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். அங்கேயும் சீழ் கட்டலாம். இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952-ல், நீலகிரி மலைப் பழங்குடியினரிடம்தான். இதற்காக மத்திய அரசு 2023 ஜூலையில் தேசிய ஒழிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நீலகிரி, வயநாடு பின்னணி உள்ள குடும்பங்கள் இந்த ரத்தப் பரிசோதனையை ஒரு முறை செய்து வைத்துக்கொள்வது நல்லது.

காசநோய், எச்ஐவி, புற்றுநோய்க்கான கீமோதெரபிக்குப் பிறகு வரும் பூஞ்சைத் தொற்று, கணையத்தில் வரும் அழற்சி பக்கத்திலிருக்கும் மண்ணீரலுக்குப் பரவுவது ஆகியவையும் காரணங்கள்.

இது எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நோய் ஓடிக்கொண்டிருக்கும்: சர்க்கரை. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை இருந்தால் மேலே சொன்ன எந்தக் கிருமிக்கும் பாதி வேலை மிச்சம்.

மண்ணில் இருக்கிற ஒரு கிருமி

சர்க்கரை, மழை, மண் மூன்றும் சேரும் இடத்தில் ஒரு நோய் இருக்கிறது. பெயர் மெலியாய்டோசிஸ். பேர் வாயில் நுழையாது. அதுவும் இந்த நோய் கவனிக்கப்படாமல் போக ஒரு காரணமோ என்னவோ.

இதைக் கண்டுபிடித்த கதையில் ஒரு இந்தியப் பெயரும் இருக்கிறது. 1911-ல் ரங்கூன். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவோடு இருந்தது. அங்கே ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும், சி.எஸ்.கிருஷ்ணசாமி என்ற மருத்துவரும், இறந்தவர்களின் உடலில் நுரையீரல், கல்லீரல், மண்ணீரலில் சீழ்க்கட்டிகளைப் பார்த்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் நோயைப் போல இருந்தது, ஆனால் அது இல்லை. இதுவரை யாரும் எழுதாத புது நோய் என்று 1912-ல் இருவரும் சேர்ந்து 'இந்தியன் மெடிக்கல் கெசட்' இதழில் எழுதினார்கள். இன்றைக்கு இதற்கு இன்னொரு பெயர் 'விட்மோர் நோய்'. கிருஷ்ணசாமியின் பெயர் அந்தப் பெயரில் ஒட்டவில்லை.

கிருமியின் பெயர் பர்கோல்டீரியா சூடோமாலை. ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும். கை கால் கீறல் வழியாகவோ, பலத்த மழைக் காற்றில் மூச்சு வழியாகவோ, குடிக்கும் தண்ணீர் வழியாகவோ உள்ளே போகும். ஒருத்தரிடமிருந்து இன்னொருத்தருக்குத் தொற்றுவது மிக மிக அபூர்வம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 1,65,000 பேருக்கு இது வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும் 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. தெற்காசியாவில்தான் பெரும் பங்கு இருக்கக்கூடும் என்றும் அது சொன்னது. தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்று மாநிலங்களிலும் நோயாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதி வருகிறார்கள்.

வடகிழக்குத் தாய்லாந்தில் மண்ணீரலில் சீழ் என்றாலே டாக்டர்கள் முதலில் நினைப்பது மெலியாய்டோசிஸைத்தான். அங்கே அது நெல் வயலில் இறங்கி வேலை செய்பவர்களின் நோய். நம்ம ஊரில் சர்க்கரை உள்ளவர் மழைக் காலத்தில் மண்ணில் வேலை செய்து, பிறகு காய்ச்சலும் மண்ணீரலில் சீழுமாக வந்து நின்றால், இந்தப் பெயரும் டாக்டரின் பட்டியலில் இருக்க வேண்டும்.

ஏலத் தோட்ட வேலையை நினைத்துப் பாருங்கள். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித் தூரிலிருந்து கிளம்பி மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில்தான் காய்க்கும். பறிக்கும் பெண்கள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஈர மண்ணுக்கும் சருகுக்கும் நடுவில் விரலை விட்டுத்தான் எடுக்க வேண்டும். ஆடி ஆவணியில் தொடங்கி தை மாசி வரை அறுவடை. அதில் பாதிக்கு மேல் மழைக் காலம். அட்டைக் கடி, முள் கீறல், கவாத்துக் கத்தி வெட்டு என எதற்கும் பஞ்சமில்லை. பயப்படுத்த இதைச் சொல்லவில்லை. மண்ணில் கை வைத்த எல்லாருக்கும் இந்த நோய் வராது. எதிர்ப்புச் சக்தி நல்லா இருக்கிறவர்கள் உடம்புக்குள் கிருமி போனாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சர்க்கரை, சிறுநீரக நோய், அதிகக் குடிப்பழக்கம் உள்ளவர்கள் ரப்பர் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொள்வதும், காயத்தைக் கழுவி மூடி வைப்பதும், தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதும் பெரிய செலவில்லாத பாதுகாப்பு.

இந்தக் கிருமிக்கு இன்னொரு கெட்ட குணம் உண்டு. உடம்புக்குள் போய் சில நாளில் நோய் தரலாம். பல வருஷம் சத்தமில்லாமல் தூங்கிவிட்டு, வயதாகி சர்க்கரை வந்த பிறகும் தலை தூக்கலாம். இரண்டாம் உலகப் போரில் கைதியாகத் தென்கிழக்கு ஆசியாவில் இருந்த ஒருவருக்கு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்டது பதிவாகியிருக்கிறது. அதனால் "இப்ப நான் மலைக்கே போறதில்லையே" என்பது மட்டும் பதிலாகாது.

என்ன அறிகுறி தெரியும்?

புத்தகம் சொல்வது மூன்று: காய்ச்சல், இடது மேல் வயிற்றில் வலி, வீங்கிய மண்ணீரல். ஆனால் மூன்றும் சேர்ந்து எல்லாருக்கும் வருவதில்லை. பலருக்குக் காய்ச்சல் மட்டுமே பல வாரம் இருக்கும். குளிர், வியர்வை, பசியின்மை, எடை குறைவது கூட வரும்.

சிலருக்கு வலி வயிற்றில் இருக்காது, இடது தோள்பட்டையில் இருக்கும். மண்ணீரலுக்கு மேலே உள்ள உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு இருப்பதால் இப்படி. மூட்டை தூக்குகிறவர் இதை தசைப் பிடிப்பு என்றுதான் நினைப்பார். இன்னும் சிலருக்கு இடது நுரையீரலின் அடியில் நீர் கோர்த்து, மூச்சு இழுக்கும்போது குத்தும், வறட்டு இருமல் வரும். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நீர் தெரிந்ததும் காசநோய் என்று மருந்து தொடங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. மெலியாய்டோசிஸ் காசநோயைப் போலவே வேஷம் போடும் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம்.

எப்போது காத்திருக்கக் கூடாது? ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சல் விட்டு விட்டு வந்தால், அதிலும் சர்க்கரை இருந்தால், போடி அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்விட வேண்டும். வயிறு திடீரென்று கல் போல இறுகுவது, மயக்கம், மூச்சு வாங்குவது, உடம்பு சில்லிட்டு வியர்ப்பது எல்லாம் கட்டி உடைந்ததன் அல்லது கிருமி ரத்தம் முழுக்கப் பரவியதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது 108-தான். ஜீப் திரும்புகிற சாயங்காலம் வரை பார்க்கக் கூடாது.

ஒன்றைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இடது விலா வலிக்கு எண்ணெய் போட்டு அழுத்தித் தடவுவது, சுளுக்கு எடுப்பது. உள்ளே சீழோ ரத்தமோ கட்டியிருந்தால் அந்த அழுத்தமே அதை உடைத்துவிடலாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

காய்ச்சல் என்று போனால் பல இடங்களில் முதலில் எடுப்பது விடால் டெஸ்ட். அதில் லேசாக ஏதாவது காட்டினால் 'டைபாய்டு' என்று எழுதிவிடுவார்கள். ஒரே ஒரு விடால் டெஸ்ட்டை வைத்து டைபாய்டை உறுதி செய்யவும் முடியாது, இல்லை என்று ஒதுக்கவும் முடியாது. முன்பு எப்போதோ வந்த தொற்றுக்கும், வேறு கிருமிக்கும்கூட அது பாசிட்டிவ் காட்டும். டைபாய்டுக்கு மருந்து எடுத்தும் காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்காவிட்டால், "வேற ஏதாவது இருக்குமா டாக்டர்?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

உண்மையில் உதவுவது பிளட் கல்ச்சர். ரத்தத்தை எடுத்து, அதிலிருக்கும் கிருமியை வளரவிட்டு, எது என்று பார்ப்பது. முடிவு வரச் சில நாள் ஆகும். ஆன்டிபயாடிக் ஊசி போடுவதற்கு முன்பே எடுத்தால்தான் பலன் அதிகம். மெடிக்கலில் கேட்டு வாங்கி மூன்று நாள் ஆன்டிபயாடிக் போட்டுவிட்டுப் போனால் கிருமி பாதி அடங்கி, கல்ச்சரில் வளராது. ஆனால் சீழ்க்கட்டிக்குள் அது உயிரோடு இருக்கும். அதனால்தான் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. காய்ச்சலுக்கு ஸ்டீராய்டு கலந்த ஊசி போட்டுவிடுகிறவர்களிடம் போனால் நிலைமை இன்னும் மோசம். ரெண்டு நாள் ஜம்மென்று இருக்கும், உள்ளே கிருமி பரவிக்கொண்டிருக்கும்.

மெலியாய்டோசிஸ் கிருமியைச் சின்ன ஆய்வகங்கள் 'சூடோமோனாஸ்' வகை என்றோ, வெளியிலிருந்து கலந்த கிருமி என்றோ தவறாக எழுதிவிடுவது உண்டு. மருத்துவர் முன்கூட்டியே "மெலியாய்டோசிஸ் சந்தேகம்" என்று குறிப்பிட்டு அனுப்பினால் ஆய்வகம் கூடுதல் கவனத்தோடு பார்க்கும். நோயாளி மண் வேலை செய்பவர், சர்க்கரை உள்ளவர் என்ற தகவல் அந்தச் சீட்டில் இருப்பது இதனால் முக்கியம்.

கட்டியைக் கண்ணால் பார்க்க அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன் முதல் படி. செலவு குறைவு, கதிர்வீச்சு இல்லை. ஆனால் மண்ணீரல் விலாவுக்குள் ஒளிந்திருப்பதாலும், குடல் வாயு மறைப்பதாலும் சின்னக் கட்டிகள் தப்பிவிடலாம். அல்ட்ரா சவுண்டில் ஒன்றும் இல்லை என்று வந்தும் காய்ச்சல் தொடர்ந்தால் சிடி ஸ்கேன்தான் தீர்ப்புச் சொல்லும். நரம்பில் மருந்து ஏற்றி எடுக்கும் சிடியில் கட்டி எத்தனை, எவ்வளவு பெரிது, உள்ளே தடுப்பு இருக்கிறதா, கல்லீரலிலும் இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும். அதற்கு முன் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை எடுப்பார்கள், சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று பார்க்க.

இதோடு சர்க்கரை அளவு, கடந்த மூன்று மாதச் சராசரி சொல்லும் ஹெச்பிஏ1சி, எச்ஐவி, எக்கோ, சளி வந்தால் காசநோய்ப் பரிசோதனை எல்லாம் வரும். மண்ணீரலில் சீழ் வந்த பிறகுதான் தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரிந்தது என்பவர்கள் உண்டு. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். பகலில் வருகிறார்கள், வீட்டுக்காரர் மலையில் இருக்கிறார் என்றால் ஞாயிற்றுக்கிழமையோ லீவு நாளிலோ நேரில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

சிகிச்சை: எப்பவுமே ஆபரேஷன்தானா?

முன்பு அப்படித்தான். மண்ணீரலில் சீழ் என்றால் மண்ணீரலையே எடுத்துவிடுவார்கள். இப்போது முடிந்தவரை காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

எல்லாருக்கும் பொதுவானது நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். கல்ச்சர் முடிவு வரும் வரை பல கிருமிகளுக்கும் பொருந்தும் மருந்து, வந்த பிறகு அந்தக் கிருமிக்கு ஏற்ற மருந்து. பூஞ்சை என்றால் பூஞ்சை மருந்து, காசநோய் என்றால் அதற்கான கூட்டு மருந்து.

கட்டி ஒன்றோ இரண்டோ, உள்ளே தடுப்பில்லாமல் சீழ் நீர்த்திருந்தால், ஸ்கேன் பார்த்துக்கொண்டே விலா இடுக்கு வழியாக ஊசி விட்டு உறிஞ்சலாம், அல்லது மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் வடியவிடலாம். மரத்துப்போகும் ஊசி போட்டே இதைச் செய்துவிடுவார்கள். மண்ணீரல் ரத்தம் நிறைந்த உறுப்பு என்பதால் ரத்தக் கசிவு அபாயம் இருக்கிறது. நுரையீரல் உறையில் படாமலும் பார்க்க வேண்டும். இதற்குப் பழகிய கதிரியக்க மருத்துவர் தேவை. அதனால்தான் தேனி க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்புவது. எடுத்த சீழை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கிருமியின் பெயர் அநேகமாக அதில்தான் இருக்கும்.

கட்டிகள் பல இருந்து குழாயால் வடிக்க முடியாவிட்டால், உள்ளே பல அறைகளாகத் தடுத்திருந்தால், குழாய் வைத்தும் காய்ச்சல் இறங்காவிட்டால், கட்டி உடைந்துவிட்டால், மண்ணீரலை எடுக்கும் ஆபரேஷன்தான் வழி. வயிற்றைத் திறந்தோ, நோயாளியின் நிலை ஒத்துழைத்தால் துளை வழியாகவோ செய்வார்கள்.

மெலியாய்டோசிஸில் கணக்கு கொஞ்சம் மாறும். அதில் பெரும்பாலும் சின்னச் சின்னக் கட்டிகள் பல இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் துளைக்கத் தேவையில்லை, மருந்திலேயே கரையும். ஆனால் சரியான மருந்து வேண்டும். காய்ச்சல் என்றதும் பரவலாகப் போடும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்தக் கிருமிக்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் நரம்பு வழியாகக் குறைந்தது 10 முதல் 14 நாள், உள்ளுறுப்பில் சீழ் என்றால் நான்கு வாரமோ அதற்கு மேலோ ஏற்ற வேண்டும். அதோடு முடியாது. பிறகு கோ-ட்ரைமாக்சசோல் மாத்திரை குறைந்தது மூன்று மாதம்.

இந்த மூன்று மாதத்தில்தான் வண்டி தடம் புரளும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ரெண்டு வாரத்தில் உடம்பு தேறிவிடும். காய்ச்சல் இல்லை, பசி எடுக்கிறது, சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்திவிட்டு ஜீப் ஏறிவிடுவார்கள். மிச்சமிருக்கும் கிருமி திரும்ப வரும், இரண்டாவது முறை இன்னும் கஷ்டம். மாத்திரையால் வாந்தி, தோலில் தடிப்பு வந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார். இடையிடையே ரத்தப் பரிசோதனையும் உண்டு. மலைக்குப் போகலாமா என்றால், காயம் ஆறி, சர்க்கரை கட்டுக்குள் வந்து, டாக்டர் சொன்ன பிறகு மாத்திரையையும் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

மண்ணீரல் இல்லாம வாழ முடியுமா?

முடியும். வேலை செய்யலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். வயிற்றைத் திறந்த ஆபரேஷன் என்றால் சுமார் ஆறு வாரம் மூட்டை தூக்கக் கூடாது, அவ்வளவுதான். பழைய சிவப்பணுக்களை உடைக்கும் வேலையைக் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பார்த்துக்கொள்ளும்.

கிருமியைப் பிடிக்கும் வேலையில்தான் ஓட்டை விழும். மண்ணீரல் இல்லாதவருக்குச் சில பாக்டீரியாக்கள், முக்கியமாக நிமோகாக்கஸ், சாதாரணக் காய்ச்சல் போலத் தொடங்கி ஒரே நாளில் உயிரைப் பறிக்கலாம். இந்த ஆபத்து ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில ஆண்டுகளில் அதிகம், ஆனால் வாழ்நாள் முழுக்க இருக்கும். அதனால் தடுப்பூசிகள் கட்டாயம்: நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப், ஆண்டுதோறும் ஃப்ளூ. முன்கூட்டியே திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே போடுவார்கள். அவசரமாக எடுத்தால் இரண்டு வாரம் கழித்துப் போடுவார்கள். அந்த இரண்டு வாரத்தில்தான் நோயாளி டிஸ்சார்ஜ் ஆகி ஊருக்குப் போய்விடுகிறார், ஊசி மறந்துபோகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் ஊசித் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வார்டை விட்டுக் கிளம்புங்கள்.

பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும்: 'எனக்கு மண்ணீரல் இல்லை'. காய்ச்சல் வந்தால் அன்றே, அந்த மணி நேரமே மருத்துவமனை. தோட்டத்து லயத்தில் தங்கி வேலை செய்பவர் என்றால் சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு இறங்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. இப்படிப்பட்டவர்களுக்கு அவசரத்துக்கு வைத்துக்கொள்ள ஆன்டிபயாடிக் மாத்திரையை டாக்டரே எழுதித் தருவதுண்டு, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும், போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வதற்கு இல்லை. நாய் கடித்தாலும் ரேபிஸ் ஊசியோடு சேர்த்து "எனக்கு மண்ணீரல் இல்லை" என்று சொல்ல வேண்டும். நாயின் எச்சிலில் உள்ள ஒரு பாக்டீரியா இவர்களைத் தீவிரமாகத் தாக்கும். மலேரியாவும் இவர்களுக்குக் கடுமையாக வரும்.

செலவு, ஃபைல், அலைச்சல்

அரசு மருத்துவமனையில் ஸ்கேனும் ஆபரேஷனும் நடக்கும். தனியாரில் என்றால் வாரக்கணக்கில் ஏறும் ஆன்டிபயாடிக் ஊசிக்கே பெரிய தொகை ஆகும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. எந்தெந்த சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டு அலுவலரிடம், அட்மிட் ஆகும்போதே கேட்க வேண்டும். பில் போட்ட பிறகு கேட்டால் பிரச்சனை. கார்டு இல்லாதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றோடு தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். சந்தேகம் இருந்தால் 104-க்கு அழைக்கலாம்.

எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. தோட்டத்தில் காய்ச்சல் வந்தால் முதலில் காட்டுவது நெடுங்கண்டத்திலோ அடிமாலியிலோ இருக்கும். அங்கே ஒரு ரத்த டெஸ்ட், கொஞ்சம் மருந்து. பிறகு போடியில் ஒரு கிளினிக், இன்னொரு டெஸ்ட். அடுத்து தேனி. ஒவ்வொரு இடத்திலும் காய்ச்சல் புதுசாகத் தொடங்கியது போலவே பார்க்கப்படும். மூன்று வாரக் காய்ச்சல் என்பது யாருக்கும் தெரியாமலே போகும். எல்லாச் சீட்டையும், போட்ட ஊசி மாத்திரையின் அட்டையையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே காய்ச்சல் தொடங்கிய தேதியை எழுதி வையுங்கள். சீட்டு மழையில் நனைந்துவிடும் என்றால் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் சொல்ல வேண்டியது நான்கே விஷயம்: காய்ச்சல் எத்தனை நாள், சர்க்கரை இருக்கா, என்ன வேலை, சமீபத்தில் அடிபட்டதா அல்லது இதயத்தில் ஏதாவது கோளாறு என்று முன்பு யாராவது சொன்னார்களா.